நீர்வீழ்ச்சிப் படங்களின் கீழே மாதத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் நடுப்பக்கத்தில் மலையக நீர்வீழ்ச்சிகளின் வண்ணப் படங்களை வெளியிட்டிருந்தீர்கள். எடுத்தவர் நன்றாக உழைத்திருக்கிறார். விடியல் வெளிச்சத்துக்காகக் குளிரில் காத்து நின்றவரின் பொறுமை ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது. ஆனால் தியலும நீர்வீழ்ச்சியின் மேல் தட்டில் எடுத்த படத்தின் கீழே ‘எழில் கொஞ்சும் தியலும’ என்ற மூன்று சொற்கள்தான் இருந்தன. அதைப் படித்த நேரத்திலிருந்து மனம் அமைதியாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கிழக்குக் கரையில் உள்ள களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவன். இருபது ஆண்டுகளாகக் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறேன். எங்கள் ஊருக்குள்ளால் போகும் ஏ4 வீதிதான் பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று ஏறிப்போய்த் தியலும நீர்வீழ்ச்சியின் அடியாலும் செல்கிறது. ஒரே வீதியில் இருந்தாலும் அந்த மலைத் தண்ணீரின் குணம் எங்களுக்குத் தெரியாது. ஆறு என்றால் எங்களுக்கு வாவியில் வந்து அடங்கும் நீர். வெள்ளம் என்றால் வயலிலிருந்து வளவுக்கும், வளவிலிருந்து வாசலுக்கும் படிப்படியாக ஏறுவது. 2011 ஜனவரி வெள்ளத்தில்கூட எங்கள் வீட்டில் நெல் மூட்டைகளை உயரத்தில் அடுக்கி வைக்க நேரம் கிடைத்தது.

மலையாறு அந்த நேரத்தைத் தராது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில் அதைக் கண்ணால் கண்டேன். அக்காவின் மகனும் நானும் முதுகில் பையைச் சுமந்துகொண்டு, பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வழியாகத் தியலுமவின் மேல் தட்டுக்கு நடந்தோம். கூடாரம், அரிசி, கருவாடு, உடுதுணி ஆகியவற்றோடு, கமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபொட்டும் இரண்டு லென்சுகளும் இருந்தன. அட்டை கடிக்காமல் இருக்கக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்திருந்தோம். மறுநாள் பிற்பகல் வானம் மூடியிருந்தது. ஓடும் நீரைப் படம் எடுக்க அதுவே நல்ல வெளிச்சம். உச்சி வெயிலில் நுரை வெளிறிப்போகும், பாறை நிழல் கறுத்துப்போகும். ஆற்றின் நடுவே கிடந்த ஒரு பாறையில் ட்ரைபொட்டை ஊன்றினேன். ஒளியைக் குறைக்கும் என்.டி. பில்டரைப் பூட்டி, கமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்தேன். கமராவின் சின்னத் திரையில் நீர் பட்டுத்துணிபோல விரிந்து கிடந்தது. அந்த அழகில் மயங்கி அடுத்த படத்துக்கும் அடுத்த படத்துக்கும் படச்சட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தலைக்கு மேலே ஒரு துளி மழையும் இல்லை. கரையில் விறகுக்கட்டோடு போன ஒரு தோட்டத்துத் தாய் நின்று, “ஐயா, மேலே மழை பெய்கிறது, வெளியே வந்துவிடுங்கள்” என்று உரத்துக் கூப்பிட்டார். அப்போதுதான் தண்ணீரைக் கண்ணால் பார்த்தேன். தெளிவாக இருந்தது தேநீர் நிறமாகியிருந்தது. சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. ஆற்றின் சத்தமும் கனத்திருந்தது. மருமகன் “மாமா, ட்ரைபொட்டை விடுங்கள்” என்று கையைப் பிடித்து இழுத்தான். ட்ரைபொட்டிலிருந்து கழற்றிக் கழுத்தில் மாட்டிய கமராவால், மறு கையால் சில படங்கள் எடுத்துவிட்டுக் கரையேறினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் நின்ற பாறை இருந்த இடமே தெரியவில்லை. கீழே 220 மீற்றர் பள்ளம். அந்தத் தாயின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

ஊருக்கு வந்து, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த இரண்டு படங்களை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒன்று, ஒரு விநாடி ஷட்டரில் எடுத்த பட்டுநீர். மற்றது, கரையேறும்போது விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கில் எடுத்தது. அதில் பழுப்பு நீர் கட்டிகட்டியாக எழும்பிப் பாறையில் அறைகிறது, மரக்கிளை ஒன்று புரண்டு வருகிறது. எல்லாப் பிள்ளைகளும் முதல் படத்தையே கையில் எடுத்தார்கள். ஒருவன் கேட்டான்: “இந்த இடத்தில் குளிக்கலாமா?” இரண்டும் ஒரே இடம், ஒரே ஆறு என்று சொன்னபோது அவன் நம்பவில்லை.

என் கவலை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் நீரின் வேகம் அத்தனையும் மென்மையாக மாறிவிடுகிறது. எவ்வளவு வேகமாகப் பாய்கிறதோ அவ்வளவு வழுவழுப்பாகப் படத்தில் தெரிகிறது. ஆபத்தான ஆறே அதிக சாந்தமாகத் தோன்றுகிறது. வாவியிலும் கடலிலும் நீந்தி வளர்ந்த எங்கள் பிள்ளைகள் தங்களுக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியத்தோடு அந்தப் படத்தை நம்பிப் புறப்படுகிறார்கள். பாசி படர்ந்த பாறையில் நீச்சல் எதற்கு உதவும்? நீர்வீழ்ச்சிகளில் இளைஞர்கள் தவறி விழுந்து இறந்த செய்திகளைத் தங்கள் பத்திரிகையே எத்தனை தடவை வெளியிட்டிருக்கிறது!

பட்டுநீர்ப் படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்றும் நான் எடுக்கிறேன். இப்போது கால் விநாடி, அரை விநாடிக்கு மேல் போவதில்லை. அந்த அளவில் நீரின் இழைகள் கலையாமல் நிற்கும், எந்தப் பக்கம் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும். பாறையும் இலையும் ஈரத்தில் மினுங்குவதைப் போலரைசர் என்ற பில்டர் ஒன்றே அடக்கிவிடும், அது ஒளியையும் ஓரளவு குறைப்பதால் என்.டி. பில்டர் இல்லாமலே பல இடங்களில் சமாளிக்கலாம். மலையில் சுமை குறைவது சின்ன விடயம் அல்ல.

மாதத்தைப் போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தியலும இருக்கும் ஊவா மாகாணத்தின் கிழக்குச் சரிவுகளுக்கு மழை தருவது எங்களுக்கு மழை தரும் அதே வடகீழ்ப் பருவக்காற்றுதான். எங்கள் வயல்கள் நிரம்பும் காலத்தில் அங்கே அருவிகளும் நிரம்பும். மார்கழியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஆவணியில் போகிறவர் மெலிந்த நீரைக் காண்கிறார், ஏமாற்றத்தில் இன்னும் கிட்டவாக, இன்னும் விளிம்புக்கு நடக்கிறார். ஆவணியில் நடந்த அதே பாறையில் மார்கழியிலும் நடக்கலாம் என்று நினைப்பவர் அவரைவிட மோசமான ஆபத்தில் இருக்கிறார்.

கடிதம் நீள்கிறது, ஆனாலும் இதையும் சொல்ல வேண்டும். அந்த மலைகளில் மனிதர்கள் வாழ்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகள் படச்சட்டத்துக்குள் வந்துவிடாதபடி ஒதுங்கி நின்று படம் எடுக்க எங்களுக்கு யாரோ பழக்கிவிட்டார்கள். கொஸ்லந்தைக்கு அருகே மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண் சரிந்து லயன்களை மூடியதும் மழை நீரால்தான். அந்த நீரைப் பல தலைமுறையாக அறிந்தவர்கள் அவர்கள். என்னைக் கூப்பிட்டுக் காப்பாற்றிய அறிவும் அவர்களுடையதே. அடுத்த முறை மலைப் படங்களை வெளியிடும்போது அந்த ஆற்றங்கரையில் இருக்கும் ஒருவரிடம் நான்கு வரி கேட்டு எழுதுங்கள்: எந்த மாதத்தில் இறங்கக் கூடாது, நீர் எந்த நிறமானால் ஏற வேண்டும் என்று.

படம் எடுத்த மாதம், ஷட்டர் நேரம், நின்ற இடம் ஆகிய மூன்றுக்கும் ஒரு வரி போதும். தியலுமவின் முழு உயரமும் வீதியிலிருந்தே தெரியும் என்பதையும் சேர்த்தால் நல்லது.

நான் சொன்ன இரண்டு படங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும்தான் இடம் இருக்கும் என்றால், பழுப்பு நீர் தெரியும் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.