பாதி உன்னிடம், பாதி தம்பியிடம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்போதும் போலத்தான், புதிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. நான் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்ததா என்று நீ இன்னும் சொல்லவில்லை. வந்திருந்தால் உடனே திறந்து, உள்ளே ஈரம் தட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடு. மற்றதெல்லாம் மெதுவாகச் செய்துகொள்ளலாம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு வந்திருப்பவை பாட்டியின் அக்கா, நம் பெரிய பாட்டி, பாட்டிக்கு எழுதிய கடிதங்கள். பாட்டி எழுதிய பதில்கள் தம்பிக்குப் போயிருக்கின்றன. எதற்காக இரண்டாகப் பிரித்தீர்கள் என்று அம்மாகூடக் கேட்டாள். கடிதம் எழுதியவர் வீட்டில் தங்காது, வாங்கியவர் வீட்டில்தான் தங்கும். நம் வீட்டுப் பரணில் இத்தனை காலமும் இருந்தது பெரிய பாட்டி பேசியது மட்டும்தான். "நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்" என்று அவர் எழுதியிருப்பார். பாட்டி என்ன கேட்டாள் என்று நமக்குத் தெரியாது. பெரிய பாட்டி வீட்டுப் பெரியப்பா வீடு மாறும்போது ஒரு துணிப்பையில் பாட்டியின் பதில்கள் அத்தனையும் கிடைத்தன. குப்பையில் போடாமல் எனக்கு அனுப்பி வைத்தாரே, அந்த மனசு எல்லோருக்கும் வராது. இரண்டையும் தேதிவாரியாக அடுத்தடுத்து வைத்து வாசித்தபோதுதான் அக்காவும் தங்கையும் பேசுவது எனக்குக் கேட்டது.

அப்படியானால் ஒன்றாகவே வைத்திருக்கலாமே என்பாய். ஒரே வீட்டில் இருந்தால் ஒரு தீ விபத்தோ வெள்ளமோ மொத்தத்தையும் கொண்டுபோய்விடும். எந்த ஆவணத்துக்கும் மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகை ஊடகங்கள், அதில் ஒரு பிரதியாவது வேறு ஊரில் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நீங்கள் இருவரும் ஆளுக்கொரு ஊரில் இருப்பது இதற்காவது பயன்படட்டும்.

இனி காகிதத்தைப் பற்றி. இதைக் கவனமாகப் படி. பெட்டியில் இரண்டு விதமான தாள்கள் இருக்கின்றன. ஆரம்பக் காலக் கடிதங்கள் சில நல்ல கெட்டித் தாளில் இருக்கும், அவற்றுக்கு இன்னும் ஆயுசு உண்டு. அதற்குப் பிறகு வந்தவை மலிவான மரக்கூழ்த் தாள். மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருளும், தாள் செய்யும்போது தங்கிவிட்ட அமிலமும் சேர்ந்து அதை உள்ளிருந்தே பழுப்பாக்கி நொறுங்கவைக்கும். மடிப்பில்தான் முதலில் கிழியும். அதனால் மடிப்பை நீக்கி, அமிலம் இல்லாத தாளுறையில் ஒவ்வொன்றாகத் தட்டையாக வை. விரிய மறுக்கிறதை அழுத்திப் பிரிக்காதே. பெரிய பாட்டி ஒன்றிரண்டு கடிதங்களில் செய்தித்தாள் துண்டுகளை வைத்து அனுப்பியிருக்கிறார். அந்தத் துண்டின் அமிலம் ஒட்டியிருந்த பக்கத்தில் அதே அளவுக்குப் பழுப்புக் கட்டமாக இறங்கியிருக்கிறது, பார். துண்டுகளைத் தனி உறையில் போடு. ஆனால் எந்தக் கடிதத்தோடு வந்தது என்று உறையில் பென்சிலால் எழுதிவிடு. பென்சில்தான். பேனா எந்த இடத்திலும் கூடாது.

நீலக்கறுப்பு மையில் எழுதியவற்றைத் தனியாகப் பிரித்து வை. மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்கிற அந்த வகை மை காலப்போக்கில் தாளையே அரிக்கும். எழுத்து அழுத்தமாக விழுந்த இடங்களில் சின்னச் சின்ன ஓட்டை விழுந்திருப்பதைக் காண்பாய். ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். அவற்றைத் துடைக்காதே, ஈரத்துணி பக்கத்திலேயே வேண்டாம்.

குண்டூசிகள், கம்பித் தையல்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடு. துருப்பிடித்திருந்தால் இழுக்காதே, தாளை மேசையில் படியவைத்து கம்பியின் இரு காலையும் முதலில் நிமிர்த்து. ரப்பர் வளையமும் வேண்டாம், அது உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டுநாடா போடவே போடாதே. கிழிந்ததைப் பார்த்தால் உனக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும், சின்ன வயதில் உன் பாடப்புத்தகங்கள் எல்லாம் நாடாவாகத்தான் இருந்தன. அந்தப் பசை சில வருஷங்களில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எடுக்க முடியாது. லேமினேஷனும் அப்படித்தான், சூடும் பசையும் சேர்ந்து ஒரேயடியாக மூடிவிடும், திரும்பப் பிரிக்க வழியில்லை. கிழிந்தது கிழிந்தபடியே உறையில் இருக்கட்டும்.

வெள்ளைக் கையுறை வாங்கிவிடாதே. படங்களில் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து தாள் முனை மாட்டிக் கிழியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொண்டு தொட்டால் போதும். பெட்டியை வெளிச்சம் படாத, வெப்பம் ஏறாத அலமாரியில் வை. சமையலறைச் சுவரும் குளியலறைச் சுவரும் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும், ராமபாணப் பூச்சியும் வந்து சேரும். பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடாதே, அந்த ஆவி மனிதர்களுக்கே ஆகாது. மாதம் ஒருமுறை திறந்து பார்த்தாலே பூச்சிக்குப் பாதி மருந்து.

ஸ்கேன் செய்வதைப் பற்றித் தம்பியிடம் கேட்டுக்கொள். அவனிடம் நல்ல ஸ்கேனர் இருக்கிறது, இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. எனக்குத் தெரிந்தவரை 400 முதல் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு அத்தனை புள்ளிகளில், வண்ணத்தில் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மையின் நிறம் போய்விடும், எந்த வரி பிறகு சேர்த்தது என்று தெரியாது. மூலத்தைத் தரம் குறையாத டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் அளவு சிறிய ஜேபெக் போதும். பின்பக்கத்தையும் எடு, வெறுமையாக இருந்தாலும் எடு. உறையைக் கட்டாயம் எடு. பெரிய பாட்டி பாதிக் கடிதங்களில் தேதியே போடமாட்டார், அஞ்சல் முத்திரைதான் நமக்கு நாள்காட்டி. கோப்பின் பெயரில் முதலில் வருஷம், பிறகு மாதம், தேதி, எழுதியவர், பெற்றவர் என்று வரிசை இருக்கட்டும். அப்போதுதான் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். நீ ஒரு மாதிரி, அவன் ஒரு மாதிரி பெயர் வைத்தால் இரண்டு பாதியும் ஒரு நாளும் சேராது. ஆரம்பிக்கும் முன்பே இருவரும் பேசி ஒரே வரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவனால் ஆகாத ஒன்று உண்டு. பாட்டியின் எழுத்தை அவனால் வாசிக்க முடியாது. 1978-இல் தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு பழகிய கை அல்லவா! லை, ளை, னை, ணை எல்லாம் தலையில் கொம்பு வளைந்து நிற்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக இல்லாமல் உடம்போடு சுழன்று வரும். 1978-க்குப் பிறகும் அவர்கள் இருவரும் அப்படியேதான் எழுதினார்கள். நீ ஆறாவது படிக்கும்போதே அதைத் தடங்கலில்லாமல் வாசிப்பாய். பாட்டி உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இவள்தான் என் கண்ணாடி" என்பாள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை. அப்படிப்பட்ட நீ, போன தடவை பேச்சு வந்தபோது, "இந்தப் பழைய காகிதமெல்லாம் எதுக்குப்பா" என்று கேட்டுவிட்டாய். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

எதுக்கு என்றால் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்ற பழைய ரோமானியக் கோட்டையில், காற்றுப் புகாத ஈரமண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்களை எடுத்தார்கள். அதில் ஒன்று கி.பி. 100-ஐ ஒட்டியது. கிளாடியா செவெரா என்ற பெண், தன் பிறந்தநாளுக்கு வரச்சொல்லி சுல்பிசியா லெபிடினா என்பவளுக்கு எழுதியது. கடிதத்தை எழுத்தர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடைசி வரிகளை மட்டும் அவளே தன் கையால் எழுதி, சகோதரி என்று அழைத்திருக்கிறாள். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் போர் இல்லை, அரசு இல்லை. "நீ வந்தால் அந்த நாளே சந்தோஷமாக இருக்கும்" என்கிற விஷயம்தான். அதனால் "இதில் ஒன்றுமில்லை, காய்ச்சலும் மழையும்தான் எழுதியிருக்கிறது" என்று ஒரு கடிதத்தையும் ஒதுக்காதே. யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது, யார் யாரை விசாரித்தார்கள் என்பதுதான் குடும்பம். சொத்துப் பத்திரத்தில் அது இருக்காது.

எதையும் வெளியே பகிர்வதற்கு முன் மட்டும் கேட்டுவிடு. காகிதம் நம்முடையது என்றாலும் எழுத்தின் உரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பிறகு அவர் வாரிசுகளுக்கும்தான். பெரிய பாட்டி எழுதியது பெரியப்பா வீட்டாருக்கு உரியது. போன வருஷம் நீ குடும்பக் குழுவில் போட்ட அந்த ஒரு பக்கத்தால் அத்தைக்குக் கொஞ்சம் சங்கடம். நீ ஆசையாகத்தான் போட்டாய், உன் மேல் தப்பே சொல்லமாட்டேன். அத்தையும் ஒரு வாரத்தில் மறந்துவிட்டாள். அதற்குமேல் தம்பி சொன்னதும், நீ திருப்பிச் சொன்னதும்... சரி, அது இருக்கட்டும்.

கடிதக் கட்டுக்குள் 1966-க்கும் 1968-க்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை நீ பார்ப்பாய். தொலைந்துபோனது என்று நினைத்து என்னைக் கேட்காதே. அந்த வீட்டு விஷயம் உனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இந்தப் பக்கமிருந்தும் கடிதம் போகவில்லை, அந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த முதல் கடிதம் உன் பெட்டியில் இருக்கிறது, பச்சை நூல் சுற்றி வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய எல்லாக் கடிதங்களிலும் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குகிற பெரிய பாட்டி, இதில் அதை எழுதவில்லை. முதல் வரியை ஆரம்பித்து, அழுத்தி அழுத்தி அடித்திருக்கிறார். பேனா முனை தாளைக் கீறியிருக்கிறது. தாளைச் சன்னல் பக்கம் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பார். "உன் மேல் எனக்கு" என்பது வரைக்கும் தெரியும். அதற்கடுத்த சொல்லை எவ்வளவு பார்த்தும் எடுக்க முடியவில்லை. கோபம் என்றா, பாசம் என்றா, எனக்கு இன்றுவரை தெரியாது. உன் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியலாம்.

அதற்குக் கீழே, "பிள்ளைக்கு டைபாய்டு என்று கேள்விப்பட்டேன். இப்போது சாப்பிடுகிறானா? ராத்திரி நீ தூங்குகிறாயா?" என்று நேராக ஆரம்பிக்கிறது. அந்தப் பிள்ளை நான்தான். வீட்டு விஷயம் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. யார் முதலில் பேசுவது, யார் மன்னிப்புக் கேட்பது என்றெல்லாம் ஒன்றும் இல்லை. இடம் தீர்ந்துபோய், ஓரத்தில் தாளைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் எழுதியிருக்கிறார். அந்த ஓர வரிகளை ஸ்கேன் செய்யும்போது வெட்டிவிடாதே, முக்கியமானது அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பாட்டி என்ன பதில் எழுதினாள் என்பது தம்பியிடம் இருக்கிற கடிதக் கட்டுக்குள் இருக்கிறது. நான் வாசித்துவிட்டேன். உனக்குச் சொல்லமாட்டேன். அவனிடம்தான் கேட்க வேண்டும். அவனும் பழைய எழுத்தில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், வாசித்துக்காட்ட ஆள் வேண்டும். அவன் எண் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பான்.

நீங்கள் வாசிக்கும்போது போனில் குரலைப் பதிவு செய்துவிடுங்கள். பெரிய பாட்டியின் கடிதத்தை நீ வாசி. பாட்டியின் பதிலை, நீ எழுத்துச் சொல்லிக்கொடுக்க, அவன் வாசிக்கட்டும். தடுக்கினாலும் நிறுத்தாதே, திருத்தி மறுபடி எடுக்காதே. பெயர் தெரியாத ஆட்கள் நிறைய வருவார்கள், அவர்களை ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பு. அம்மாவும் நானும் இருக்கும்போதே சொல்லிவிடுகிறோம். பெரியப்பாவிடமும் சீக்கிரம் கேட்டுவிட வேண்டும், அவருக்கு இப்போது மறதி கூடிக்கொண்டே போகிறது.

ஒட்டுநாடா வேண்டாம், மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா