சரக்கு கடைக்கே போகவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் எழுபதுகளின் அமெரிக்க ராக் குழுவான 'பிக் ஸ்டார்' பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இந்தக் குழுவைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. காலத்துக்கு முந்தி வந்த இசையை அன்றைய ரசிகர்கள் நிராகரித்துவிட்டார்களாம். நிராகரிக்க வேண்டும் என்றாலும் முதலில் கண்ணில் பட வேண்டாமா?

நான் இசை விமர்சகன் இல்லை. இருபத்தெட்டு வருடம் ஒரு மருந்துக் கம்பெனியின் விநியோகப் பிரிவில் குப்பை கொட்டியவன். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, நோயாளியும் கடைக்கு வந்து, அங்கே சரக்கு இல்லை என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு கம்பெனி மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாதக் கடைசி ரிப்போர்ட்டில் 'டிமாண்ட் இல்லை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். பிக் ஸ்டாரின் கதையை அந்தக் கண்ணோடுதான் நான் படிக்கிறேன்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஆர்டென்ட் என்று ஒரு ஒலிப்பதிவுக் கூடம். அதன் உரிமையாளர் ஜான் ஃப்ரை, கிறிஸ் பெல் போன்ற உள்ளூர்ப் பையன்களுக்கு ஒலிப்பதிவு வேலையைச் சொல்லிக்கொடுத்து, காலியாக இருக்கும் நேரத்தில் கூடத்தையும் திறந்துவிட்டார். பெல்லுடன் ஆண்டி ஹம்மலும் ஜோடி ஸ்டீபன்ஸும் இருந்தார்கள். 1971இல் அலெக்ஸ் சில்டன் வந்து சேர்ந்தார். அவர் புதுமுகம் இல்லை. 1967இல், பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய பாட்டு நான்கு வாரம் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது. அதில் நாற்பது வயதுக்காரர் மாதிரி கரகரத்த குரல். பிக் ஸ்டாரில்தான் தன் சொந்த வயதுக்குத் திரும்பி, மெல்லிய குரலில் பாடினார்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். ஆர்டென்ட்டுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையின் பெயர் அது. பல கிளைகள் கொண்ட சூப்பர் மார்க்கெட். ஊருக்கு ஊர் அலமாரி நிறையச் சரக்கு அடுக்கிய கடையின் பெயரை வைத்துக்கொண்ட குழு, தன் சரக்கை ஒரு கடையிலும் அடுக்க முடியாமல் போயிற்று. முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் 1 ரெக்கார்ட்' என்று வேறு பெயர் வைத்தார்கள். குறும்புதான்!

1972இல் அது வெளிவந்தபோது பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. ஒவ்வொரு பாட்டையும் தனி இசைத்தட்டாகவே விடலாம் என்ற அளவுக்கு எழுதின. சில வானொலிகளும் ஒலிபரப்பின. கேட்டவர்கள் கடைக்குப் போனால் தட்டு இல்லை. விநியோகப் பொறுப்பு ஸ்டாக்ஸ் கம்பெனியிடம் இருந்தது. கறுப்பின மக்களின் ஸோல் இசையில் கொடிகட்டிப் பறந்த கம்பெனி, ஆனால் நான்கு வெள்ளைக்காரப் பையன்களின் கிதார் பாட்டுகளை எந்தக் கடைக்கு அனுப்புவது என்பதில் அதற்குப் பழக்கம் இல்லை. அப்புறம் ஸ்டாக்ஸ், விநியோகத்தை கொலம்பியா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. இனி நல்ல காலம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கொலம்பியாவோ ஸ்டாக்ஸின் பழைய விநியோகஸ்தர்களைக் கழற்றிவிட்டது, கடைகளில் இருந்த கொஞ்சநஞ்சத் தட்டுகளையும் திரும்ப எடுத்துக்கொண்டது. விற்றது பத்தாயிரத்துக்கும் கீழே. ஏஜென்சி கைமாறும்போது பழைய ஸ்டாக்கை வாபஸ் வாங்கிவிட்டுப் புதியது அனுப்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய நாசம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1972 முடிவதற்குள் பெல் மனம் உடைந்து விலகினார். குழு கலைந்த மாதிரிதான். 1973 மே மாதம் மெம்ஃபிஸில் ராக் விமர்சகர்கள் மாநாடு ஒன்று நடந்தது. நாடெங்கிலுமிருந்து வந்தவர்கள் முன்னால் மற்ற மூவரும் மேடை ஏறினார்கள். பேனாவும் கையுமாகத் திரிகிற விமர்சகர்கள் எழுந்து ஆடினார்கள். அந்த உற்சாகத்தில்தான் இரண்டாவது ஆல்பம் 'ரேடியோ சிட்டி' உருவாகி 1974 தொடக்கத்தில் வந்தது. ஆனால் மாநாடு நடந்த அதே 1973 மே மாதம் கொலம்பியாவில் தலைமைப் பொறுப்பில் இருந்த கிளைவ் டேவிஸ் வேலையை விட்டு நீக்கப்பட்டார். ஸ்டாக்ஸோடு ஒப்பந்தம் போட்டவரே அவர்தான். அவர் போனதும் இரண்டு கம்பெனிக்கும் தகராறு, தட்டு மறுபடியும் கிடங்கோடு நின்றது. ஏறக்குறைய இருபதாயிரம் விற்றது.

அந்த ஆல்பத்தின் அட்டையை ஒரு நிமிடம் பாருங்கள். வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த படம். ரத்தச் சிவப்பில் கூரை, நடுவில் மூடியில்லாத ஒரு பல்பு, அதிலிருந்து கூரையோடு ஒட்டியபடி மூன்று பக்கம் ஓடும் வெள்ளை வயர்கள். குழுவின் ஆட்கள் முன் அட்டையில் இல்லை. கண்ணாடி அலமாரியில் இருந்திருந்தால் கடைக்கு வந்தவன் எவனும் நின்று பார்த்திருப்பான்.

மூன்றாவது ஆல்பம் விஷயத்தில் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை. ஹம்மலும் போய்விட, சில்டனும் ஸ்டீபன்ஸும் ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் 1974இல் பதிவுசெய்த அதைக் கேட்டால் இதயம் கனக்கும். அது கூட்டத்தைக் கவர எடுத்தது இல்லை, கம்பெனிகள் தயங்கியதும் நியாயம்தான். 1975இல் ஸ்டாக்ஸே திவாலாகிவிட்டது. அந்த ஆல்பம் 1978இல்தான் வெளியே வந்தது, பாட்டுகளின் வரிசைகூட முடிவாகாமல். ஆனால் மூன்றாவது ஆல்பத்தின் இருட்டை முதல் இரண்டின் மேலும் பூசக் கூடாது. அவை துள்ளலான, வாய்க்கு வந்துவிடுகிற பாட்டுகள். சரியாகக் கடைக்குப் போயிருந்தால் லட்சக்கணக்கில் விற்றிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சோதித்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் வாதம்.

1978 டிசம்பர் 27ஆம் தேதி பெல்லின் கார் கம்பத்தில் மோதியது. வயது 27. அப்போது குடும்பத்தின் உணவகத் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சில்டனின் பிறந்தநாள். எண்பதுகளில் சில்டன் நியூ ஆர்லியன்ஸில் ஓட்டலில் பாத்திரம் கழுவினார். அதே வருடங்களில் ஆர்.இ.எம். மாதிரியான இளைய குழுக்கள் போகிற இடமெல்லாம் பிக் ஸ்டார் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. 1998இல் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டாக அவர்களுடைய முதல் ஆல்பப் பாட்டு ஒன்று வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது, வேறு ஆட்களின் குரலில். வாரா வாரம் டெலிவரி ஆனதும் ஜனங்கள் முணுமுணுத்தார்களா இல்லையா?

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு அச்சான நால்வர் படத்தின் கீழ் 'ரேடியோ சிட்டி காலம், 1974' என்று போட்டிருக்கிறீர்கள். இடது ஓரத்தில் நிற்பவர் கிறிஸ் பெல். 1974இல் அவர் குழுவில் இல்லை. அடுத்த இதழில் சரிசெய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
ஈரோடு