எழுத்தாணிக்குருவி இங்கேயும் வந்தது

தென் இங்கிலாந்து
ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குளிர் விட்டதா என்று போன வாரம் கேட்டீர்கள். விட்ட மாதிரிதான். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள், இப்போது ராத்திரி எட்டு மணி வரைக்கும் வெளிச்சம். வேலியோர முள்மரங்கள் இலை விடுவதற்கு முன்பே வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கின்றன. ஆனால் வசந்தத்தைப் பற்றி எழுத உட்காரவில்லை. விஷயம் வேறு. போனில் சொன்னால் அம்மா நடுவில் வாங்கி "சரியா தூங்குறியா?" என்று ஆரம்பித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

நேற்று முன்தினம் முதியோர் இல்லத்தில் நைட் டியூட்டி முடித்து நடந்து வந்தேன். வீட்டுக்கு எதிரே குதிரைகள் மேயும் ஒரு புல்வெளி, அடி வரைக்கும் கடித்து வைத்திருக்கும். அதன் நடுவே காவி நிறத்தில் ஏதோ கிடந்தது. காய்ந்த இலை என்று நினைத்தேன். இலை நடந்தது. அப்பா, நம் கொண்டலாத்தி!

கேட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ராத்திரி முழுக்க விழித்த கண், நம்ப முடியவில்லை. அலகைப் பாதிக்கு மேல் மண்ணில் இறக்கி, ஒரு கொழுத்த புழுவை உருவி, அண்ணாந்து மேலே தூக்கிப் போட்டு வாயில் வாங்கியது. முன்னால் நீள அலகு, பின்னால் மடங்கிய கொண்டை, பக்கத்திலிருந்து பார்க்கத் தலையே குந்தாலி மாதிரி. ஒரு டிராக்டர் வந்ததும் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறகடித்து, பட்டாம்பூச்சி போலத் தத்தித் தத்திப் பறந்து வேலிக்கம்பத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்த நொடியில் கொண்டை விசிறியாக விரிந்து மூடியது. ஒன்று கவனித்தேன்: கொண்டை இறகின் கறுப்பு நுனிக்குக் கீழே மெல்லிசாக வெள்ளை. நம் ஊர்ப் பறவைக்கு அந்த வெள்ளை கிடையாது, உடம்பும் இன்னும் செங்காவியாக இருக்கும், இல்லையா?

அன்று ராத்திரி டியூட்டிக்குப் போனதும் ஜன்னலோர அறைப் பெரியவரிடம் சொன்னேன். தொண்ணூறை நெருங்குகிறவர், தலைமாட்டில் எப்போதும் பைனாகுலர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீ பார்த்தது ஜே" என்றார். ஜே என்பது இங்கே உள்ள ஒரு காக்கை இனம். இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடம்பு, இறக்கையில் நீலப் பட்டை. பறக்கும்போது வெள்ளை தெரியுமாம், அதைப் பார்த்துவிட்டுப் பலர் கொண்டலாத்தி என்று குதிப்பார்களாம். எனக்குச் சுருக்கென்றது. பாவாடை கட்டின நாளிலிருந்து பார்த்த பறவையை எனக்கே மாற்றிச் சொல்கிறாரே! செல்போன் படத்தைக் காட்டினேன். பச்சையில் ஒரு காவிப் புள்ளி, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"எப்படி நடந்தது?" என்று கேட்டார்.

ராத்திரி ஒன்பதரை மணிக்கு, யூனிஃபார்மோடு, அவர் கட்டிலுக்கு முன்னால் நடந்து காட்டினேன் அப்பா. குட்டிக் குட்டி எட்டு, எட்டுக்கு ஒரு தலையாட்டல், சட்டென்று நின்று ஒரு குத்து. கூடவே கையை வாயருகே குவித்து, நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி "ஊப்-ஊப்-ஊப்". மாத்திரை வண்டியைத் தள்ளி வந்த சக ஊழியை வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரியவர் சிரிக்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து நோட்டை எடுத்துத் தரச் சொன்னார்.

அப்புறம் ஒரு மணி நேரம் விடவில்லை. குளிர்காலத்தில் இது சஹாராவுக்குத் தெற்கே இருக்குமாம். வசந்தத்தில் ஸ்பெயின், பிரான்ஸ் பக்கம் குஞ்சு பொரிக்கக் கிளம்புமாம். தெற்குக் காற்று முதுகில் தள்ளினால் சில பறவைகள் கடலையும் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடுமாம். கண்டக்டர் எழுப்பாததால் ஸ்டாப்பைத் தாண்டி இறங்கின ஆள் மாதிரி. நாடு முழுக்க வருஷத்துக்குச் சுமார் 100 பறவைதான் கண்ணில் படுமாம், இங்கே கூடு கட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம். அந்தத் தத்தல் பறப்பை நம்பிவிடாதே என்றும் சொன்னார். எவரெஸ்டுக்குப் போன முதல் குழு 6,000 மீட்டருக்கு மேலே இதைப் பார்த்திருக்கிறதாம்.

அவர் இங்கிலாந்து மண்ணில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார், அதுவும் வாலிபத்தில். நமக்குக் கிணற்றடியில் தினம் மேயும் பறவை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "உங்கள் பாஷையில் பெயர் என்ன?" கொண்டலாத்தி என்றேன், எழுத்தாணிக்குருவி என்றும் சொல்வோம் என்றேன். எழுத்தாணி என்றால்? இடது உள்ளங்கையை ஓலையாக வைத்து, வலது விரலால் கீறிக் காட்டினேன். புரிந்துகொண்டார். நோட்டில் தேதி போட்டு, பறவை பெயருக்குப் பக்கத்தில் என்னையே தமிழில் எழுதச் சொன்னார். 'பார்த்தவர்' என்ற இடத்தில் என் பெயர்.

நேற்றும் இன்றும் தேடினேன், காணோம். குதிரைகள் மட்டும் நிற்கின்றன.

கிணற்றுச் சுவர்ப் பொந்தில் இந்த வருஷமும் கூடு வைத்திருக்கிறதா? கையை விட்டுப் பார்க்க வேண்டாம், குஞ்சு பீய்ச்சிவிடும். கிட்டே போனாலே நாறுமே, அதை வைத்துச் சொல்லுங்கள் போதும். பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அம்மாவிடம் நன்றாகத் தூங்குகிறேன் என்று சொல்லவும்.

உங்கள் அன்பு மகள்