புள்ளி இல்லாத தாஹா

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய குர்ஆன் ஏட்டின் படம் கிடைத்தது. போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாஹா சூறாவின் (குர்ஆன் அத்தியாயம்) தொடக்கம் என்று பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் கண் கலங்கிவிட்டது. நீ சின்னப் பிள்ளையில் என் மடியில் உட்கார்ந்து ஓதிய சூறா அல்லவா!

“புள்ளி இல்லாமல் எப்படி வாப்பா ஓதினார்கள்?” என்று கேட்டிருந்தாய். கூர்ந்து பார், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இருக்கும். ஆனால் அ, இ, உ ஒலிகளைக் காட்டும் ஜபர், ஜேர், பேஷ் குறிகள் எதுவும் கிடையாது. பே, தே, ஸே, நூன் என்ற நான்கு எழுத்தும் சொல்லின் நடுவில் வந்தால் ஒரே சின்ன மேடுதான், புள்ளிதான் பிரித்துக் காட்டும். அவர்களுக்கு அது மனப்பாடம், மகளே. ஏடு எடுத்துக் கொடுத்தால் போதும், மீதி நெஞ்சிலிருந்து வரும். நம் ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. பாட்டு தெரிந்தவர் தடையில்லாமல் வாசித்துவிடுவார்.

ஒன்றை மட்டும் நினைவில் வை. கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று கார்பன் சோதனை சொன்னது, அந்த ஏடான தோலின் வயதை. மை எப்போது பட்டது என்பதை அது சொல்லாது. நபிகள் நாயகம் (ஸல்) மறைந்தது 632இல். அவர்களைக் கண்ணால் கண்ட ஒருவர் எழுதியதாகவே இருக்கலாம். அப்படி இருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. ஆனாலும் தோழிகளிடம் அடித்துச் சொல்லிவிடாதே.

அப்புறம் அரபி தாய்மொழி அல்லாதவர்கள் ஓத வந்தார்கள். பிழை வந்துவிடக் கூடாதே என்று ஈராக்கின் பஸ்ரா நகரத்து இலக்கண அறிஞர் அபுல் அஸ்வத் சிவப்பு மையில் புள்ளி வைத்தார் என்பார்கள்: மேலே வைத்தால் ஜபர், கீழே வைத்தால் ஜேர், பக்கத்தில் வைத்தால் பேஷ். இன்று நாம் போடும் குறிகள் அதே ஊரின் கலீல் இப்னு அஹ்மத் அமைத்தவை. பேஷைப் பார், வாவ் என்ற எழுத்தின் குட்டி வடிவம் தெரியும். யாருக்காக இவ்வளவு பாடு? நம்மைப் போன்றவர்களுக்காக. ஓத உட்காரும்போதெல்லாம் அவர்களுக்காக நான் துஆ செய்வதுண்டு.

அந்த ஏட்டில் முதல் எழுத்தான அலிஃப் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறதே, அதுதான் ஹிஜாஸி எழுத்துநடை. அதன் பிறகு கூஃபி வந்தது, அகலமாக, கனமாக. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வஜீராக (அமைச்சராக) இருந்த இப்னு முக்லா, நாணல் பேனாவை ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாக்கினார். அலிஃப் எத்தனை புள்ளி உயரமோ, அதை வைத்து மற்ற எழுத்துகள். முதல் ஏடுகளில் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்த புள்ளி, எழுத்துக்கே அளவாகிவிட்டது! எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம் அடங்குவதில்லை.

அவர் வழியில் வந்த இப்னுல் பவ்வாப், ஹிஜ்ரி 391இல் எழுதிய முஸ்ஹப் (குர்ஆன் பிரதி) டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற நஸ்கு எழுத்து. உனக்கு அது ஒரு மணி நேர விமானம்தானே? லீவு கிடைத்ததும் போய்ப் பார். தாஹா பக்கத்தைக் காட்டுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போ.

உம்மா ஸலாம் சொன்னாள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள்.

துஆவுடன்,
வாப்பா