பொங்கலுக்குப் பிறகு எண்ணினால் பிந்திவிடும்: எண்ணூர்ப் பறவைகளுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறையின் தலைமை வனவுயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பாதி கழிந்தபின் ஒருநாள், ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து எண்ணூர் பாலத்துக்கு வந்து நில்லுங்கள். கொசஸ்தலையாறு கடலைத் தொடுவதற்கு முன் அகன்று கிடக்கும் அந்தச் சேற்றில், சேறே ஊர்கிற மாதிரி கொசு உள்ளான் என்கிற சின்னஞ்சிறு கரைப்பறவைகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஒன்றின் எடை ஏறக்குறைய 25 கிராம். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, கண்டத்தைக் கடந்து, காட்டுக்குப்பத்துக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவே வந்து இரை தேடுகிறது. பக்கத்திலேயே உப்புக்கொத்திகள், பொறி உள்ளான்கள். பறியைப் பல்லில் கடித்தபடி கையால் இறால் தடவுகிற இருளர் மக்களும் அதே சேற்றில்தான் நிற்பார்கள். பறவை அவர்களைக் கண்டு பயப்படுவதில்லை, கொஞ்சம் தள்ளிப்போய் மேயும், அவ்வளவுதான்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்தப் பறவைகளை மழைக்கு முன்பே எண்ணுங்கள்.

நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்றாலே பொங்கலுக்குப் பிறகு என்று வழக்கமாகிவிட்டது. குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் தங்கும் பறவைகளுக்கு அது பொருத்தமான காலம்தான், குறை சொல்லவில்லை. எண்ணூரின் கதை வேறு. இங்கே பறவைக்கு வேண்டியது வெளியே தெரிகிற சேறு. வடகிழக்குப் பருவமழை பிடித்து, பூண்டி ஏரியில் மதகு திறந்தால் அந்த உபரிநீர் எங்கள் ஆற்றில்தான் வரும். புழல் ஏரியில் திறந்தால் அதுவும் மணலி, சடையங்குப்பம் வழியாக இங்கேதான் வந்து சேரும். வெள்ளம் ஏறி நின்றால் சேறு மூழ்கிவிடும். குட்டைக்கால் உள்ளான் ஆழத் தண்ணீரில் என்ன செய்யும்? பழவேற்காட்டுப் பக்கமோ இன்னும் தெற்கேயோ போய்விடும். தையில் வந்து எண்ணுகிறவருக்குக் கிடைப்பது இங்கே திரும்பி வந்தவற்றின் எண்ணிக்கை. இறங்கியவை எத்தனை என்பது அதில் தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுவதும் படர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவை பெரிய பறவைகள், கண்ணில் பட்டன. உள்ளங்கைக்குள் அடங்குகிற உள்ளான்கள் எத்தனை போயின? குப்பத்துப் பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷம் ஐப்பசியில் எத்தனை இருந்தன என்ற எண் கையில் இருந்தால்தானே, எத்தனை குறைந்தது என்று சொல்ல முடியும்? வலை கெட்டது, படகு கெட்டது என்று மனிதர்களுடைய நஷ்டத்தையாவது எழுதிக் கொடுத்தோம். பறவைக்கு எழுதிக் கொடுக்க எதுவுமே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

சாம்பலும் அப்படித்தான். எண்ணூர் ஈரநிலத்தில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலை அகற்றிச் சீரமைக்கும்படி 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. சேற்றில் புழுவும் மட்டியும் மறுபடி பிழைத்தனவா என்பதைப் பறவையைப் போலச் சொல்லக்கூடியது வேறொன்றும் இல்லை. சாம்பல் கெட்டிப்பட்ட திட்டுகளில் உள்ளான் இறங்கினாலும் இரண்டு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு எழுந்து போவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். நாளைக்கு அதே திட்டில் அது அரை மணி நேரம் மேய்ந்தால் சேறு திருந்திவிட்டது என்று அர்த்தம். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எண்ணினால்தான் அது தெரியவரும்.

ஆற்றுப் பக்கம் வராமல் ஊருக்குள் இறங்குகிற வலசைப் பறவைகளும் உண்டு. இரண்டு வருஷம் முன்பு ஐப்பசி விடியற்காலையில் தண்டையார்பேட்டையில் எங்கள் மாடிப்படியில் ஓர் ஆறுமணிக்குருவி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. இரவெல்லாம் பறந்த களைப்பு. அட்டைப்பெட்டிக்குள் வைத்து, இருட்டாக்கி, பூனை வராமல் பார்த்துக்கொண்டோம். சாயங்காலம் முருங்கை மரத்துக்குத் தாவியது. மறுநாள் காணோம். இப்படி வழியில் தங்கிப் போகிறவை தையில் எந்தக் கணக்கிலும் வராது.

மகாளய அமாவாசையை ஒட்டி ஒரு நாள், அடுத்த பௌர்ணமியை ஒட்டி ஒரு நாள் போதும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் தண்ணீர் நன்றாக வற்றும், சேறு அகலமாகத் தெரியும். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பத்து ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் திட்டு எப்போது வெளியே தெரியும், கால் எங்கே புதையும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்று சரியாகச் சொல்வார்கள். அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள், ஒரு நாள் தொழில் போகிறது அல்லவா. உங்கள் துறையிலிருந்து இரண்டு தொலைநோக்கியும், உள்ளானையும் உப்புக்கொத்தியையும் பிரித்தறியக் கற்றுத்தர ஒருவரும் வந்தால் போதும். எண்ணிய கணக்கை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.

தேதியை மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள், படகுக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைவாசி ஒருவர்