தொட்டிக்குள் ஆளை இறக்கினால் வீட்டுக்காரரும் குற்றவாளிதான்

ஆசிரியருக்கு,

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்ற செய்தியைப் படிக்கும் பலர், இது மேஸ்திரி மாட்டிக்கொள்ளும் விவகாரம் என்றே நினைக்கிறார்கள். "கூலி பேசிக் கொடுத்தேன், மற்றது அவங்க பாடு" என்று வீட்டு உரிமையாளர் ஒதுங்க முடியாது.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவுப்படி, கழிவுநீர்த் தொட்டியை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய நேரடியாகவோ வேறொருவர் மூலமாகவோ எவரும் ஆள் அமர்த்தக் கூடாது. முதல் முறை என்றால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது. யாரும் சாக வேண்டியதில்லை, பாதுகாப்பில்லாமல் இறக்கினாலே வழக்குத்தான். உயிர் போனால், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்காக பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 106-ஆவது பிரிவும் சேரலாம். 'என் சொந்தப் பொறுப்பில் இறங்குகிறேன்' என்று தொழிலாளியிடம் கைநாட்டு வாங்கி வைத்தாலும் குற்ற வழக்கிலிருந்து அது காப்பாற்றாது. பாதாளச் சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு உத்தரவிட்டதையும் கவனிக்க வேண்டும்.

ஆள் எப்படி உள்ளே போகிறார்? கழிவுநீர் உறிஞ்சும் லாரி வந்து தண்ணீராக உள்ளதை எடுத்துவிடும். அப்போது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அடியில கெட்டியா நிக்குதே, ஒரு ஆளை விட்டு வழிச்சிடுங்க" என்று மேற்கொண்டு ஐந்நூறு ரூபாயை நீட்டுவார். பத்துப் பதினைந்து ஆண்டு திறக்காத தொட்டியில் கசடு இறுகித்தான் கிடக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது. இறுகிவிட்டால், மேலே நின்றபடியே தண்ணீரைப் பீய்ச்சி, நீளக் கழியால் கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும். அடியில் சில அங்குலம் கசடு தங்கினால் குறை ஒன்றும் இல்லை. தொட்டியைப் பாத்திரம் போலத் தேய்த்துக் கழுவத் தேவையில்லை. கசடைக் கிளறும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு குபுக்கென்று வெளிவரும். அழுகிய முட்டை நாற்றம் தெரியவில்லையே என்று நம்பக் கூடாது. வாயு அடர்ந்தால் மூக்கு மரத்துவிடும். முகத்தில் கட்டும் துண்டும் மருந்துக்கடை மாஸ்க்கும் பயன்படாது. மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பது இன்னும் மோசம், உள்ளே மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

ஒரு சொட்டுக் கழிவும் விழாத புதுத் தொட்டியிலும் ஆட்கள் சாகிறார்கள். இதைப் பலர் நம்புவதில்லை. மேல்தளம் போட்டு மூடி வைத்த தொட்டியில் தேங்கிய தண்ணீரும் ஊறிய பலகையும் கிடந்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடும். சென்ட்ரிங் (கான்கிரீட் தளத்தைத் தாங்கக் கீழே அடிக்கும் பலகை, முட்டு) பிரிக்க இறங்குபவர் ஏணியிலேயே மயங்கி விழுவார். அவரைத் தூக்கக் குதிக்கும் அடுத்தவரும் அதே கதிதான். மேலே ரெடிமேட் சிலாப்புகளை வரிசையாக அடுக்கினால் உள்ளே சென்ட்ரிங்கே வேண்டாம். தளம்தான் போடுவேன் என்றால், எல்லா மூடிகளையும் திறந்து, புளோயர் வைத்துக் காற்று செலுத்தி, வாயு அளக்கும் மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமலும் விஷவாயு இல்லாமலும் இருப்பதைப் பார்த்த பிறகே ஆளை விட வேண்டும். அப்போதும் இடுப்புப் பட்டையில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல் 101-க்கும் 108-க்கும் அழையுங்கள்.

தொட்டி மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். தொட்டியின் அறைக்கு ஒன்றாக, இரண்டடிக்கு இரண்டடி மூடி வெளியே தெரிய இருந்தால், லாரிக் குழாய் எல்லா மூலைக்கும் எட்டும். உரிமம் உள்ள லாரியை அழைக்க 14420 என்ற எண் இருப்பது பலருக்குத் தெரியாது. உள்ளாட்சி அமைப்புகள் இந்த எண்ணையும் 7-ஆவது பிரிவின் தண்டனையையும் சொத்து வரி ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன?

– கட்டடப் பொறியாளர், திருச்சி