வரையவும் அனுமதி வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு காரில் வந்தவாசி, ஆரணி, ஆற்காடு வழியாக வேலூர் போனோம். வந்தவாசியில் 1760 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆனால் அவர்கள் மனதில் நின்றது வேலூர்தான். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்துதான் சிப்பாய்களின் அந்தக் கிளர்ச்சியை அடக்கினார். "நெத்தியில வெக்கிறதுல இவங்களுக்கு என்னப்பா?" என்று கேட்டாள் மகள்.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். திரும்பும் வழியில் வேறொரு பழைய இடத்தில் இறங்கினோம். அவள் தரையில் உட்கார்ந்து, இடிந்த மதில் ஒன்றை நோட்டில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். ஊழியர் ஒருவர் வந்து, "வரையறதுக்கு எழுத்து மூலமா அனுமதி வேணும்" என்று நோட்டை மூடச் சொன்னார். எந்த விதி என்று கேட்டேன். "மேலிடத்து உத்தரவு" என்றார். பாதி மதிலோடு நோட்டை மூடியவள், ஊர் வரும்வரை பேசவேயில்லை.

கட்டணம் வாங்கட்டும், கல்லைத் தொடாதே என்று சொல்லட்டும், சரி. எது கூடாதோ அதை விதி எண்ணோடு தமிழில் வாசலிலேயே எழுதி வையுங்கள். எழுதாத விதியைப் பத்து வயதுப் பிள்ளையிடம் காட்டாதீர்கள்.

- ஒரு வாசகர், செய்யாறு